திரை கறுக்கும் அந்த இரண்டு செக்கன்

கருத்தரங்கு தொடங்கப் போகிறது. மண்டபம் நிறைய ஆட்கள். பேச வந்தவர் புரொஜெக்டர் வயரைத் தன்னுடைய லப்டொப்பில் செருகுகிறார். லப்டொப் திரை ஒருதரம் கறுக்கிறது. சுவரில் இருந்த நீல வெளிச்சமும் போய்விடுகிறது. முன்வரிசையில் யாரோ "போச்சு" என்கிறார். பிறகு இரண்டும் ஒன்றாக எழும்புகின்றன, படம் சுவரில் வந்து விழுகிறது. எல்லாருக்கும் நிம்மதி.

இதை நாங்கள் எத்தனையோ தரம் பார்த்துவிட்டோம். ஆனால் அந்த இரண்டு செக்கனுக்குள்ள என்ன நடக்குது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தேடத் தொடங்கியபோது இரண்டு கதைகள் கிடைத்தன. ஒன்று, திரை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் வேலையை யார் செய்வது என்ற கதை. மற்றது, அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை யார் எழுதி வைத்தார்கள் என்ற கதை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களை இரண்டாவதுதான் கூடப் பிடித்துக்கொண்டது. கல்வெட்டு, செப்பேடு, ஓலை என்று படிக்கிறோம். நிரலுக்குள் எழுதப்பட்ட குறிப்பும் ஒரு ஆவணம்தானே.

மின்கற்றை திரும்பி வரும் நேரம்

பழைய பெட்டி மொனிட்டர்களிலிருந்து தொடங்க வேண்டும். கதோட்டுக் கதிர்க்குழாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். பின்னாலிருந்து ஓர் இலத்திரன் கற்றை வந்து கண்ணாடியின் உட்பூச்சில் படும், பட்ட இடம் ஒளிரும். கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதும். பிறகு அணைந்து, இடதுபக்கம் திரும்பி வந்து, அடுத்த வரியை எழுதும். கீழ்வரி முடிந்ததும் மேலே திரும்பிப் போகும். வயலில் உழுகிறவர் வரம்பில் திரும்புகிற மாதிரி, திரும்புவதற்கும் நேரம் வேண்டும்.

640 × 480 என்ற பழைய அளவை எடுத்துப் பார்ப்போம். ஒரு வரியில் கண்ணுக்குத் தெரிவது 640 புள்ளிகள். ஆனால் கணக்கில் இருப்பது 800. படம் முடிந்தபின் 16 புள்ளி இடைவெளி, 96 புள்ளி நேரத்துக்கு "திரும்பு" என்ற சைகை, பிறகு 48 புள்ளி இடைவெளி. கூட்டினால் 800. கீழ்நோக்கியும் அப்படித்தான்: 480 வரிகள் தெரியும், 10, 2, 33 என்று தெரியாத வரிகள் சேர்ந்து மொத்தம் 525. 800 ஐ 525 ஆல் பெருக்கினால் 420,000. அதைச் செக்கனுக்கு ஏறக்குறைய 60 தரம் (சரியாகச் சொன்னால் 59.94) அனுப்ப வேண்டும். ஆகவே கார்ட் செக்கனுக்கு 25.175 மில்லியன் புள்ளிகளை ஒழுங்காக வெளியே தள்ள வேண்டும். 25.175 மெகாஹேர்ட்ஸ் என்ற அந்த இலக்கம் இப்படித்தான் வருகிறது.

"மோட்" என்று சொல்வது இந்த இலக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். திரையின் அகலமும் உயரமும் மட்டும் மோட் ஆகாது. எப்போது எழுதுவது, எப்போது திரும்புவது, என்ன வேகத்தில் என்பதெல்லாம் சேர்ந்த ஒரு கால அட்டவணை அது. மோட் மாற்றுவது என்றால் ஓடிக்கொண்டிருக்கிற அட்டவணையை நிறுத்திவிட்டு இன்னொன்றைத் தொடங்குவது. திரை கறுப்பதற்குக் காரணமும் அதுதான். மேடையில் காட்சி மாற்றும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தானே அரங்கப் பொருட்களைத் தூக்குவார்கள்.

இன்றைய தட்டைத் திரையில் கற்றையும் இல்லை, அது திரும்பி வருவதும் இல்லை. ஆனாலும் 1920 × 1080 படத்தைச் செக்கனுக்கு 60 தரம் அனுப்பும் வழமையான மோட், கணக்கில் 2200 × 1125 ஆகத்தான் போகிறது, 148.5 மெகாஹேர்ட்ஸ். இல்லாத கற்றைக்காக இன்றும் நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

கையேட்டில் இல்லாத மோட்

1981 இல் ஐபிஎம் தன் முதல் பீசியை விற்றபோது, திரைக் கார்டில் இருந்த முக்கியமான சிப் மோட்டரோலா 6845. அதன் வேலை மேலே சொன்ன அட்டவணையை நடத்துவது. அந்தவகைச் சிப்புக்குக் கதோட்டுக் குழாய்க் கட்டுப்படுத்தி என்று பெயர். ஆங்கிலச் சுருக்கம் சிஆர்டிசி. இந்தச் சுருக்கத்தை நினைவில் வைத்திருங்கோ, பின்னால் திரும்ப வரும்.

அந்த நேரத்தில் ஐபிஎம் ஒரு நல்ல காரியம் செய்தது. பீசியின் தொழினுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடங்களையும் பயோஸ் நிரலின் முழுப் பட்டியலையும் அச்சிட்டு விற்றது. திரையின் மோட்டை எப்படி மாற்றுவது என்று அறிய விரும்பியவர் கையேட்டைத் திறந்து வாசிக்கலாம். சாதாரண நிரலாளருக்கு அவ்வளவும் தேவைப்படவும் இல்லை. பயோஸிடம் மோட்டின் இலக்கத்தைச் சொன்னால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

1987 இல் வீஜிஏ வந்தது. 320 × 200 புள்ளிகள், 256 நிறங்கள் என்ற மோட் விளையாட்டு எழுதுபவர்களிடையே பிரபலமானது. ஆனால் அதில் ஒரு கோணல். திரை 4:3 விகிதம், 320 × 200 அந்த விகிதத்தில் இல்லை. அதனால் புள்ளிகள் சதுரமாக இராது, வட்டம் வரைந்தால் முட்டை மாதிரி நீண்டு தெரியும். 320 × 240 என்றால் சரியாக இருக்கும். ஆனால் ஐபிஎம் கையேட்டில் அப்படி ஒரு மோட் இல்லை.

வன்பொருளுக்கு அது முடியும் என்பதை ரெஜிஸ்டர்களைத் துருவிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 1991 இல் மைக்கல் அப்ராஷ் என்ற நிரலாளர் "டொக்டர் டொப்ஸ் ஜேர்னல்" சஞ்சிகையில் அதை விளக்கி எழுதி, மோட் எக்ஸ் என்று பெயரும் வைத்தார். எந்த ரெஜிஸ்டரில் என்ன இலக்கம், நினைவகத்தை எப்படிப் பிரித்து எழுதுவது எல்லாம் அந்தக் கட்டுரையில் இருந்தது. அதற்குப் பிறகு அது ஒரு சிலரின் இரகசியமாக இருக்கவில்லை. சாதனத்துக்கு அந்த ஆற்றல் 1987 இலேயே இருந்தது. யாரோ உட்கார்ந்து எழுதியபிறகுதான் அது எல்லாருடையதும் ஆனது. இந்தக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

மொனிட்டரைக் கெடுக்கக்கூடிய ஆவணம்

எக்ஸ் விண்டோ என்ற வரைகலை முறை 1984 இல் எம்ஐடியில் தொடங்கியது. பீசிகளில் அதை ஓட்டுவதற்காக 1992 இல் எக்ஸ்ஃப்ரீ86 என்ற திட்டம் உருவானது. அந்த நேரத்தில் வீட்டில் லினக்ஸ் போட்டவர்கள் எல்லாரும் கடந்து போக வேண்டிய ஒரு படி இருந்தது: தன் மொனிட்டருக்குரிய மோட்டைத் தானே எழுதுவது. அந்த வரிக்கு மோட்லைன் என்று பெயர். நாங்கள் மேலே கணக்குப் பார்த்த அதே மோட் அதில் இப்படி இருக்கும்: 25.175, பிறகு 640 656 752 800, பிறகு 480 490 492 525. 640 இல் படம் முடிகிறது, 656 இல் சைகை தொடங்குகிறது, 752 இல் முடிகிறது, 800 இல் வரி முடிகிறது. அவ்வளவுதான். தெரிந்தவருக்கு எளிது, தெரியாதவருக்கு மந்திரம்.

இந்த மந்திரத்தை அவிழ்த்துச் சொன்ன ஆவணம் ஒன்று இருந்தது. எரிக் ரேமண்ட் பராமரித்த, எக்ஸ்ஃப்ரீ86 திரை நேரக்கணக்குப் பற்றிய வழிகாட்டி அது. மொனிட்டரின் கையேட்டில் கிடைமட்ட மீடிறன் எவ்வளவு, நிலைக்குத்து மீடிறன் எவ்வளவு என்று பார்ப்பதிலிருந்து, கடதாசியில் கணக்குப் போட்டு மோட்லைனை எழுதுவது வரைக்கும் படிப்படியாகச் சொல்லும். அதிலேயே கடுமையான எச்சரிக்கையும் இருந்தது: உங்கள் மொனிட்டர் தாங்கக்கூடியதைவிடக் கூடிய வேகத்தில் ஓட்டாதீர்கள், பழுதாகலாம். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. ஒரே மீடிறனுக்கென்று செய்யப்பட்ட பழைய மொனிட்டர்களுக்குத் தவறான சைகை உண்மையிலேயே கேடு.

இன்று இதை வாசிக்கும்போது எங்களுக்கு இரண்டு மாதிரியும் தோன்றுகிறது. ஒரு படம் பார்ப்பதற்கு இவ்வளவு பாடா என்பது ஒன்று. மற்றது, அந்த நேரத்தில் வீட்டில் இருந்த ஒரு சாதாரண ஆள் தன் திரை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிழையில்லாமல் விளங்கிக்கொண்டிருந்தார் என்பது. வேறு வழியில்லாததால்தான் விளங்கிக்கொண்டார். ஆனாலும் விளங்கிக்கொண்டார்.

திரை தன் பெயரைச் சொல்லத் தொடங்கியது

1994 இல் வீசா என்ற தரநிர்ணய அமைப்பு ஒரு வழியைக் கொண்டுவந்தது. மொனிட்டருக்குள் ஒரு சிறிய நினைவகம், அதில் 128 பைட் தகவல். வயர் வழியாகக் கணினி அதை வாசிக்கும். இதற்கு எடிட் என்று பெயர். யார் செய்தது, எந்த ஆண்டு, எந்தெந்த மோட் சரிவரும் என்று எல்லாம் அதில் இருக்கும். அமைப்பு அழகானது. முதல் பைட் 0, பிறகு ஆறு தரம் 255, பிறகு திரும்ப 0; இதுதான் "நான் எடிட்" என்று சொல்லும் முகவரி. தயாரித்த ஆண்டு ஒரே பைட்டில் அடங்கும்; அந்த இலக்கத்தோடு 1990 ஐக் கூட்ட வேண்டும். கடைசி பைட் கணக்குச் சரிபார்ப்பு: 128 பைட்டையும் கூட்டி 256 ஆல் வகுத்தால் மிச்சம் வரக்கூடாது.

இனி மனிதர் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, மொனிட்டரே சொல்லும். ஆனால் மொனிட்டரும் பொய் சொல்லும். தவறான அளவு, தவறான மீடிறன் எழுதப்பட்டு ஆலையிலிருந்து வந்த மொனிட்டர்கள் நிறைய. லினக்ஸ் நிரலில் எடிட் வாசிக்கும் பகுதியைத் திறந்தால் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் இந்த மாதிரி சொல்வதை இந்த விடயத்தில் நம்பாதே என்று வரிக்கு வரி. வரலாற்று மூலங்களை எப்படி நம்புவது என்று எங்களுக்கு விரிவுரையில் சொல்லித்தருகிற அதே பாடம். மூலம் தன்னைப்பற்றிச் சொல்வதை அப்படியே எடுக்காதே, வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்.

ஒரு கார்டுக்கு இரண்டு எசமான்கள்

இங்கேதான் இயங்குதளம் கதைக்குள் வருகிறது. சாதனங்களோடு பேசுவது கேர்னலின் வேலை என்பது பொதுவிதி. வட்டு, விசைப்பலகை, வலையமைப்பு எல்லாம் அப்படித்தான். திரைக் கார்ட் மட்டும் விதிவிலக்காக இருந்தது. எக்ஸ் சேவர் என்ற சாதாரண நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடி, கேர்னலைத் தாண்டி, கார்டின் ரெஜிஸ்டர்களில் நேரே கைவைத்தது. மறுபக்கம் கேர்னலுக்கும் தன் எழுத்துத் திரை இருந்தது, பிறகு ஃப்ரேம்பஃபர் டிரைவர்களும் வந்தன. ஒரே கார்டுக்கு இரண்டு, சிலநேரம் மூன்று டிரைவர்கள். ஒன்று செய்தது மற்றதுக்குத் தெரியாது.

கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்1 மூன்றையும் அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனால் எக்ஸ் தன் மோட்டைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்ப வைக்க வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தரமும் திரை மின்னும். எக்ஸ் இடையில் செத்துப்போனால் கார்ட் அது விட்ட நிலையிலேயே நிற்கும், திரையில் குப்பை. லப்டொப்பை மூடித் தூங்கவைத்துத் திறந்தால் திரை எழும்பாது. கேர்னலுக்கு அந்தக் கார்டை எப்படி எழுப்புவதென்று தெரியாது. கேர்னலே விழுந்தால் இன்னும் மோசம். ஏன் விழுந்தேன் என்று சொல்ல அதனிடம் ஒரு செய்தி இருக்கும், ஆனால் அதைக் காட்டத் திரை கையில் இல்லை.

இதற்கிடையில் எக்ஸ் உலகத்திலும் மாற்றங்கள். 2004 இல் உரிமத் தகராறால் பலர் எக்ஸ்ஃப்ரீ86 ஐ விட்டு எக்ஸ்.ஓர்க் பக்கம் போனார்கள். 2007 இல் வந்த ராண்டார் 1.2, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு திரையைச் சேர்க்கவும் கழற்றவும் வழி செய்தது. கருத்தரங்கு மண்டபத்து லினக்ஸ் லப்டொப்பில் அந்தப் புரொஜெக்டர் வேலை செய்வதற்கு இது ஒரு பெரிய படி. ஆனால் அடியில் இருந்த இரட்டை ஆட்சி அப்படியே.

மைக்ரோசொஃப்ட் அதே 2007 இல் விஸ்டாவோடு புதிய டிரைவர் அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் இயங்குதளம் முதலில் டிரைவரிடம் கேட்கும்: இந்தப் படமூலங்கள், இந்தத் திரைகள், இந்த மோட்கள், இப்படிச் சேர்த்தால் உன்னால் முடியுமா? முடியும் என்றால்தான் செய்யச் சொல்லும். கேட்டுவிட்டுச் செய்வது என்ற இந்தக் கருத்து லினக்ஸிலும் பிறகு வேறொரு வடிவத்தில் வருகிறது.

கேர்னலுக்குள் வந்தது

லினக்ஸில் மோட் மாற்றும் வேலையைக் கேர்னலுக்குள் கொண்டுவரும் முயற்சியில் இன்டெலில் இருந்த ஜெஸ்ஸி பார்ன்ஸ், ரெட் ஹட்டில் இருந்த டேவ் எயர்லி இருவரும் முன்னுக்கு நின்றார்கள். 2009 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.29 இல் இன்டெல் கார்டுகளுக்கு அது சேர்ந்தது. அதே ஆண்டு 2.6.31 இல் ரேடியோன், 2010 இல் 2.6.33 இல் நூவோ. கேஎம்எஸ் என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

மூன்றின் பின்னணியும் வேறு வேறு. இன்டெல் தன் கார்டுகளுக்குத் தானே டிரைவர் எழுதியது. ஏஎம்டி 2007 செப்டெம்பரில் தன் ரேடியோன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்து வெளியிடத் தொடங்கியது. என்விடியா அப்படி எதுவும் கொடுக்கவில்லை. நூவோவை எழுதியவர்கள், என்விடியாவின் சொந்த டிரைவர் ஓடும்போது எந்த ரெஜிஸ்டரில் என்ன எழுதுகிறது என்று உற்றுப் பார்த்துப் பார்த்து, தங்களுக்கென்று ஒரு ஆவணத்தை உருவாக்க வேண்டியிருந்தது. வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கும் கல்வெட்டை எழுத்தெழுத்தாக உடைக்கிற வேலை. ஆவணம் கிடைக்காதவருக்குத்தான் ஆவணத்தின் விலை தெரியும்.

கேஎம்எஸ் உலகத்தில் நான்கு பெயர்கள் முக்கியம். ஃப்ரேம்பஃபர், படம் இருக்கும் நினைவகம். சிஆர்டிசி, அதை எடுத்து அட்டவணைப்படி வெளியே அனுப்புவது. என்கோடர், அதை வயருக்கேற்ற சைகையாக்குவது. கனெக்டர், வயர் செருகும் வாய். சிஆர்டிசி என்ற பெயரைக் கவனித்தீர்களா? 1981 இன் கதோட்டுக் குழாய்ச் சிப்பின் பெயர். குழாயே இல்லாத கைத்தொலைபேசியின் டிரைவரிலும் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. ஊர்ப்பெயரில் குளம் இருக்கும், போய்ப் பார்த்தால் குளம் இருக்காது. அதைப்போலத்தான்.

எழுதாத விதியும் எழுதிய விதியும்

மோட் மாற்றுவதில் ஒழுங்கு முக்கியம். லப்டொப் திரையை எடுத்துக்கொண்டால், முதலில் பலகத்துக்கு மின்சாரம், பிறகு கொஞ்சம் பொறுத்து படச் சைகை, இன்னும் கொஞ்சம் பொறுத்து பின்வெளிச்சம். அணைக்கும்போது அப்படியே தலைகீழாக. பின்வெளிச்சம் முந்திவிட்டால் திரையில் குப்பை தெரியும். இப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு முன்பின் இருக்கிறது. கேர்னல் ஒரு பொது உதவி நிரலைக் கொடுத்தது. அது டிரைவரின் செயற்பாடுகளைத் தயார் செய், மோட்டை வை, முடித்து வை என்று வரிசையாக அழைக்கும். ஆனால் எந்த நிலையில் எது அழைக்கப்படும், ஏற்கெனவே அணைந்திருப்பதைத் திரும்ப அணைக்கச் சொல்லுமா என்பதெல்லாம் அதை எழுதியவர்களின் தலைக்குள் இருந்தது. புதிதாக டிரைவர் எழுத வந்தவர் பழைய டிரைவரைப் பார்த்து எழுதினார். பழையதில் இருந்த பிழையும் சேர்ந்து வந்தது.

ஆவணம் ஒன்றும் இல்லாமல் இல்லை. ஜெஸ்ஸி பார்ன்ஸ் ஒரு தொடக்க வடிவம் எழுதி வைத்திருந்தார். 2012 இல் லோரன்ட் பின்ஷார் அதை எடுத்து, டிரைவரின் உட்பகுதிகளை விளக்கும் பெரிய பகுதியைச் சேர்த்தார். அதே ஆண்டு டேவிட் ஹெர்மன் பயனர் பக்கத்திலிருந்து கேஎம்எஸ் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு ஒரு மாதிரி நிரலை எழுதினார். அதில் நிரலைவிட விளக்கக் குறிப்புகள் கூட. கனெக்டரைக் கண்டுபிடி, மோட்டைத் தெரிவு செய், சிஆர்டிசி தேடு, நினைவகம் ஒதுக்கு, மோட்டை வை என்று ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்வது போல. நாங்கள் வாசித்ததில் எங்களுக்கு விளங்கியது முதலில் அதுதான். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் பாதி விளங்குகிறது என்றால் எழுதியவர் நன்றாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் பெரிய ஆவணம் டொக்புக் என்ற பழைய வடிவத்தில், நிரலிலிருந்து விலகிய தனிக் கோப்பாக இருந்தது. நிரலை மாற்றுகிறவர் அந்தக் கோப்பைத் திறக்க மறந்துவிடுவார். ஆறு மாதத்தில் ஆவணம் ஒன்று சொல்லும், நிரல் வேறொன்று செய்யும். பிழையான ஆவணம் ஆவணம் இல்லாததைவிட மோசம். நம்பிப் போகிறவரைக் குழியில் தள்ளும்.

2016 இல் வந்த லினக்ஸ் 4.8 இல் கேர்னல் ஆவணங்கள் ஸ்ஃபிங்ஸ் என்ற புதிய முறைக்கு மாறத் தொடங்கின. ஜொனதன் கோர்பெட் பொறுப்பாக இருந்த அந்த மாற்றத்தில் வரைகலைப் பகுதியினர் முன்னுக்கு நின்றார்கள். அவர்களுடைய புத்தகம் முதலில் மாறியவற்றில் ஒன்று. முக்கியமான விடயம், விளக்கத்தின் பெரும்பகுதி இப்போது நிரலுக்குள்ளேயே, ஒவ்வொரு செயற்பாட்டின் தலைமாட்டிலும் குறிப்பாக இருக்கிறது. கருவி அதைத் திரட்டிப் புத்தகமாக்கும். செயற்பாட்டை மாற்றுகிறவர் கண்ணில் குறிப்பு படாமல் போகாது. ஓலையையும் உரையையும் ஒரே கட்டில் கட்டி வைத்த மாதிரி.

முழுதாகச் செய், இல்லையேல் தொடாதே

இந்த ஆவணங்கள் விளக்கிய பெரிய விடயம் அட்டொமிக் முறை. பழைய முறையில் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனி. முதல் திரைக்கு மோட் வைத்தாயிற்று, இரண்டாவதுக்கு வைக்கப்போனால் முடியாது என்கிறது. இப்போது பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கிறோம். கைத்தொலைபேசிகளில் பல படலங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் காட்டும்போது இது இன்னும் சிக்கல். படலங்கள் எல்லாம் ஒரே நொடியில் மாறாவிட்டால் கண்ணுக்குத் தெரியும்.

அட்டொமிக் முறையில், வேண்டிய நிலை முழுவதையும் முதலில் கடதாசியில் எழுதுகிற மாதிரி ஒரு புதிய "நிலை"யாக எழுத வேண்டும். டிரைவர் அதைச் சரிபார்க்கும். இந்தக் கட்டத்தில் வன்பொருளைத் தொடக்கூடாது, அது கண்டிப்பான விதி. சரி என்றால் எல்லாம் சேர்ந்து நடக்கும். ஓரிடம் பிழைத்தாலும் எதுவும் நடக்காது. குடும்பத்தில் எல்லாருக்கும் சீட் இருந்தால்தான் பஸ்ஸில் ஏறுவோம், இல்லாவிட்டால் ஒருவரும் ஏறமாட்டோம் என்பது போல. சும்மா கேட்டுப் பார்ப்பதற்கும் வழி இருக்கிறது, செய்யாமல் "முடியுமா?" என்று மட்டும். திரை மின்னக்கூடிய முழு மோட் மாற்றத்துக்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அப்படியான மாற்றத்தைக் கேர்னல் மறுத்துவிடும்.

ரொப் கிளார்க், டானியல் வெட்டர் உட்படப் பலரின் கை இதில் இருக்கிறது. அடித்தளம் 2015 தொடக்கத்தில் லினக்ஸ் 3.19 இல் வந்தது. அதே ஆண்டு 4.2 இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. வெட்டர் நிரலோடு நிற்கவில்லை. ஏன் இப்படி வடிவமைத்தோம், பழைய முறையில் என்ன பிழை என்று நீண்ட கட்டுரைகளும் எழுதினார். எப்படி என்று சொல்லும் ஆவணங்கள் பல. ஏன் என்று சொல்பவை அரிது. ஏன் என்பதை எழுதாவிட்டால் பத்து வருடத்துக்குப் பிறகு வருகிறவர் காரணம் தெரியாமல் அந்தச் சுவரை இடித்துவிடுவார்.

இன்று கேர்னலின் இந்தப் பகுதியில் புதிய இடைமுகம் சேர்ப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அதைப் பயன்படுத்தும் திறந்தமூல நிரல் ஒன்று இருக்க வேண்டும். கேர்னல் தந்த வாக்கைப் பிறகு மாற்ற முடியாது என்பதால் வந்த நிபந்தனை. வாக்கின் பொருள் என்னவென்று எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய சாட்சி வேண்டும்.

2018 இல் இன்னொன்று நடந்தது. கார்டே இல்லாமல் கேஎம்எஸ் ஐப் பரிசோதிக்க வீகேஎம்எஸ் என்ற போலி டிரைவர் எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஹனீன் மொஹமட், ரொட்ரிகோ சிக்கேரா. ஒருவர் அவுட்ரீச்சி திட்டத்தில், மற்றவர் கூகுளின் கோடைகாலத் திட்டத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள். அதாவது, அன்றைக்குப் புதிதாக வந்தவர்கள். முதல் தலைமுறை எழுதி வைத்த குறிப்புகளை வாசித்து, அடுத்த தலைமுறை பழகுவதற்கு ஒரு களம் அமைத்துக் கொடுத்தார்கள்.

திரும்பவும் மண்டபத்துக்கு

மோட் பற்றிய அறிவு எங்கெல்லாம் இடம்மாறியிருக்கிறது என்று பாருங்கோ. முதலில் நிறுவனத்தின் கையேட்டில். பிறகு கடதாசியும் பென்சிலுமாக இருந்த பயனரின் கையில். பிறகு மொனிட்டரின் 128 பைட்டில். பிறகு எக்ஸில். கடைசியாகக் கேர்னலில். ஒவ்வொரு இடமாற்றத்திலும் எங்களுக்கு இலகுவானது, ஆனால் ஒவ்வொரு முறையும் அது எங்கள் கண்ணிலிருந்து ஒரு படி தள்ளிப்போனது. மோட்லைன் எழுதிய ஆளுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. தெரியத் தேவையுமில்லை என்று சொல்லலாம். ஆனால் ஒருவருக்கும் தெரியாமல் போனால் பழுதாகும்போது திருத்த ஆளிருக்காது.

அந்த இடைவெளியை நிரப்புவது ஆவணம் மட்டும்தான். அதை எழுதுவது பெருமை தரும் வேலையில்லை. புதிய நிரலைச் சேர்த்தவரின் பெயர் செய்தியில் வரும், குறிப்பைத் திருத்தியவரின் பெயர் வராது. அப்ராஷ் சஞ்சிகையில் எழுதியதும், ரேமண்ட் எச்சரிக்கையோடு எழுதியதும், பின்ஷார் ஒரு பழைய கோப்பைத் திறந்து நிரப்பியதும் அப்படியான வேலைதான். கேர்னல் விழும்போது காரணத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்பது கேஎம்எஸ் க்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதற்கென்று ஒழுங்கான வழி 2024 இல், லினக்ஸ் 6.10 இல்தான் வந்தது. பதினைந்து வருடம். அவ்வளவு காலத்துக்கும் அந்த வேலை ஏன் தேவை என்பது எங்கோ எழுதப்பட்டிருந்ததால்தான் யாரோ ஒருவர் திரும்ப வந்து செய்தார்.

அடுத்தமுறை புரொஜெக்டர் வயரைச் செருகும்போது திரை கறுக்கும். பழைய அட்டவணை நிற்கிறது, 128 பைட் வாசிக்கப்படுகிறது, முடியுமா என்று கேட்கப்படுகிறது, முடியும் என்று பதில் வருகிறது, கடிகாரம் மாறுகிறது, விளக்கு எரிகிறது. முன்வரிசையில் யாராவது "போச்சு" என்றால் சொல்லுங்கோ, போகவில்லை, காட்சி மாறுது என்று.